கெண்டை மீனில் அலுமினியம்

ஓர் ஆற்றில் இருக்கிற மீன்கள் அத்தனையின் பேரையும் ஒரே சாயங்காலத்தில் கெடுத்தவள் நான். திட்டம் போட்டுச் செய்யவில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, எம்.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருடம், கையில் ஒரு போன், மனசில் நான் பெரிய விஞ்ஞானி என்கிற நினைப்பு. இந்த மூன்றும் ஒருத்தியிடம் சேர்ந்தால் கெண்டை என்ன, திமிங்கலமே தப்பிக்க முடியாது.

என் ஆய்வுத் தலைப்பு, வைப்பாற்றுக் கெண்டை மீன்களின் உடல் அளவுகளும் தாதுச் சத்துகளும். கேட்பதற்குக் கனமாக இருக்கும். விஷயம் சின்னதுதான். முப்பது மீனை எடுத்து நீளம், அகலம், எடை எல்லாம் அளந்துகொள்ள வேண்டும். பிறகு காயவைத்துப் பொடியாக்கி, அதில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பெரிய மீனில் சத்து அதிகமா, சின்ன மீனிலா என்று சொன்னால் பட்டம் கொடுத்துவிடுவார்கள். (எங்கள் மாவட்டத்தில் ஆற்று மீன் என்று சொன்னாலே முதலில் ஆறு எங்கே என்றுதான் கேட்பார்கள். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து, பொங்கல் வரைக்கும் ஆற்றில் தண்ணீர் கிடந்தது. அது என் அதிர்ஷ்டம். மீனின் துரதிர்ஷ்டம்.)

மீன் கொடுத்தது பேச்சியக்கா. அச்சங்குளத்துக்காரர். அவர் வீட்டுக்காரர் ஆற்றில் வலை போடுவார். அக்கா அதை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் நாரணாபுரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் விற்பார். ஆற்று மீன் ருசிக்கு ஊரில் அவருக்கென்று ஆட்கள் உண்டு. அந்தப் பெட்டியை நம்பித்தான் வீடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள், எல்லாம்.

நான் போய் விஷயத்தைச் சொன்னதும், நல்ல மீனாகத் தானே பொறுக்கிப் போட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தேன். மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரு அளவு, வால் அடி வரை ஒரு அளவு, தலை நீளம் தனி, வயிற்றுப் பக்கத்து உயரம் தனி, கண்ணின் குறுக்களவு தனி. அக்கா தாடையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ தாயி, இதுக்கு என்ன, ரவிக்க தைக்கப் போறியா?"

"இல்லக்கா, ஆராய்ச்சி."

"என் கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு அளவு எடுக்கல. கண்ணை எதுக்கு அளக்குற? கண்ணாடி போடவா?"

மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, விஞ்ஞானிகளை ஆரம்பத்தில் உலகம் இப்படித்தான் சிரிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து சலிக்கிறவர். எங்கள் பக்கம் வெடிக்குள் போடுகிற ரசாயனத்துக்கெல்லாம் மருந்து என்றுதான் பேர். அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு என்று ஒவ்வொன்றையும் சல்லடையில் சலித்து, ஒரு கட்டி இல்லாமல் ஆக்கி, அளவாகக் கலக்க வேண்டும். கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கை பட்டால் ஆள் இருக்க மாட்டார். அதனால் நிதானமான ஆட்களைத்தான் அந்த அறைக்குள் விடுவார்கள். அப்பா அங்கே இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது தலை முதல் கால் வரை வெள்ளியாக மின்னுவார். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் யார் யார் அப்பா என்ன நிறம் என்று எதற்கோ கேட்டபோது, நான் எழுந்து "சில்வர்" என்றேன். அது அப்போது எனக்குப் பெருமையான பதில்.

மீன்களைக் கல்லூரி அடுப்பில் காயவைத்தாயிற்று. பொடியாக்கும்போதுதான் சிக்கல். கல்லூரியில் அரைக்கிற மிஷின் பழுது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா மிக்ஸியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இதுல மீன் தூள அரச்ச, நீயும் மிக்ஸியும் ஒண்ணா வெளிய போவீக" என்றாள். வேறு வழியில்லாமல் அம்மியில் தட்டினேன். அது பொடியாகாமல் மாட்டுத் தீவனம் மாதிரி வந்தது. சலித்தால்தான் நைஸாகும். மாவுச் சல்லடைக்கும் அம்மா தடை போட்டுவிட்டாள்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை அப்பா பார்த்தார். அவர் அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நான் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து என் படிப்பில் அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு வேலைகூட வரவில்லை. அன்றைக்குத்தான் வந்தது.

"என்ன பாப்பா, சலிக்கணுமா? இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சலிக்கிறத எங்கிட்ட விடு. நீ போயி வேற சோலியப் பாரு."

நான் சந்தோஷமாகச் சாம்பிள் பாட்டில் வாங்க சிவகாசி பஜாருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முப்பது பொட்டலம், நம்பர் போட்டு வரிசையாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன். குழந்தைக்குப் பூசுகிற பவுடர் தோற்றுப்போகும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை சலித்ததாக அப்பா சொன்னார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை, நான் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூடப் பார்த்ததில்லை.

பொடி லேசாக மினுமினுத்தது. நான் உடனே என் ஆய்வு நோட்டில் எழுதினேன்: "சாம்பல் நிறம். மெல்லிய வெள்ளிப் பளபளப்பு. மீன் செதிலின் இயல்பாக இருக்கலாம்." (இந்த வரிக்காகவே என் பட்டத்தைப் பிடுங்கியிருக்கலாம்.)

பொடியை வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்பினோம். பத்து நாளில் ரிசல்ட் வந்தது. நான் கேட்டது நாலு சத்து. அவர்கள் மிஷின் மொத்தப் பட்டியலையும் கொடுத்துவிட்டது. சுண்ணாம்பு சரி, இரும்பு சரி. கீழே பார்த்தால் அலுமினியம், சுண்ணாம்பையே எட்டிப் பிடிக்கிற உயரத்தில் நின்றது. கந்தகமும் கொஞ்சம் தூக்கல். அலுமினியமும் கந்தகமும் சேர்ந்து வந்தால் அது என்ன என்று எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எனக்குத் தோன்றவில்லை. நான் படித்தவள் அல்லவா.

என் வழிகாட்டி மேடம் அந்த வாரம் லீவு. அவர் வரட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கண் முன்னால் காட்சிகள் ஓடின. சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து ஜீப் வருகிறது, "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று அதிகாரி கேட்கிறார், நான் தலை குனிந்து அடக்கமாக நிற்கிறேன். உடனே ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "நான் நேரடியாக ஆய்வு செய்ததில் வைப்பாற்று மீனில் ஆபத்தான அளவு அலுமினியம்!!! மக்களே உஷார். அதிகம் பகிரவும்."

பகிர்ந்தார்கள். அதுவரை நான் போட்ட எதையும் யாரும் பகிர்ந்ததில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது சாத்தூரைத் தாண்டிவிட்டது. மறுநாள் என்னிடமே திரும்பி வந்தபோது, மீன் சாப்பிட்ட ஒருவர் காந்தத்தில் ஒட்டிக்கொண்டதாகச் சேர்ந்திருந்தது. (அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. அதைக்கூட நான் திருத்தவில்லை. புகழ் அப்படி.)

மூன்றாம் நாள் சாயங்காலம் பேச்சியக்கா எங்கள் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினார். பெட்டி கட்டியபடி இருந்தது. ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் மனசுக்குள் அறிவியல் பதில்களைத் தயார் செய்தேன். அவர் சண்டை போடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார்.

"மூணு நாளா ஒரு மீனு போகல தாயி. வழக்கமா வாங்குறவுககூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாக. அது கெடக்கட்டும். நா வந்தது வேற."

"சொல்லுங்கக்கா."

"என் பிள்ளைக பொறந்ததுல இருந்து இந்த மீனத்தான் திங்குதுக. அதுகளுக்கு ஏதும் ஆயிருமா? நீ படிச்ச பிள்ள. அத மட்டும் சொல்லு."

உண்மையில் எனக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்தேன், ஆச்சரியக்குறி போட்டேன், அவ்வளவுதான் நான் செய்த ஆராய்ச்சி. அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடிந்து வந்தார், வழக்கம்போல வெள்ளியாக. "வாங்க தாயி, காப்பித்தண்ணி குடிச்சீகளா?" என்று விசாரித்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் அவருக்கு மகள் மேல் பாசம் பொங்கிவிட்டது.

"எம்மக சொன்னா சரியாத்தான் இருக்கும். கலப்படம் ஏதும் ஆகிருக்காது. நானே மூணு தடவ சலிச்சேன். ஒரு தூசி தும்பு கெடையாது."

பேச்சியக்கா சாதாரணமாகத்தான் கேட்டார். "எதுல சலிச்சீகண்ணே?"

அப்பா கொல்லைப்பக்கம் போய்ச் சல்லடையை எடுத்துவந்து நீட்டினார். சாயங்கால வெயில் அதில் பட்டது. கம்பி வலை முழுக்கத் தகதகவென்று மின்னியது.

முதலில் வாயைத் திறந்தது அம்மாதான். "ஏங்க, இது மருந்துச் சல்லடையில்ல?"

"கழுவிட்டேன்ல? நாலு தண்ணி விட்டுக் கழுவுனேன். இத மாதிரி நைசு வேற எதுலயும் வராது. பாப்பா படிப்பாச்சேன்னு..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார். மினுமினுப்புக்குக் கீழே அவர் முகம் சுருங்கிப்போனது. அவர் செய்தது தப்பில்லை. அவருக்குத் தெரிந்த வேலையை, அவருக்குத் தெரிந்த மிக நல்ல சாமானில் செய்திருக்கிறார். எதில் சலித்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவள் நான். எனக்கு அழுகை வந்தது. பேச்சியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "அய்ய, மீனு மேல பழியா! எம் பிள்ளைக தப்பிச்சுச்சுக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. மருந்து அறைக்குள் இருக்கிற ஒரு துணித்துண்டுகூட வெளியே வரக்கூடாது என்பது கம்பெனியில் கண்டிப்பு. ஓரம் கிழிந்துவிட்டதென்று எரிக்கப் போட்டிருந்த சல்லடையை அப்பா சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் பழியை நானே ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்து குழுவில் எழுதினேன்: "தவறு என்னுடையது. என் பாத்திரம் சுத்தமாக இல்லை. மீனில் குற்றமில்லை."

பொய் சாத்தூரைத் தாண்டியது, உண்மை எங்கள் தெருவைத் தாண்டவில்லை. வந்த பதில் மூன்றே மூன்று. ஒருவர், "யார் மிரட்டினாலும் பயப்படாதீங்க சகோதரி, நாங்க இருக்கோம்." இன்னொருவர், "அப்ப ஏதோ இருக்கு." மூன்றாவது எங்கள் பெரியப்பா. அவர் எதற்கும் ஒரு கும்பிடு போடுவார், இதற்கும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பேச்சியக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, லேப் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் "மாசுபட்டது மாதிரிதான், மீன் இல்லை" என்று விளக்கினேன். மாதிரி என்று நான் சொன்னது சாம்பிளை; எனக்கே புரியவில்லை. ஒரு அத்தை நின்று கேட்டுவிட்டு, "பாவம், நல்லாத்தான் இருந்துச்சு இந்தப் பிள்ள" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது அப்பா வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு மஞ்சப்பை. டீக்கடை வாசலில் அவர் கம்பெனி போர்மேன் நின்றுகொண்டிருந்தார். நான் கண்ணால் சைகை காட்டினேன். அப்பா போர்மேனைப் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் பையிலிருந்து சல்லடையை எடுத்தார்.

"எல்லாரும் இங்கன வாங்கய்யா. எம்மக மேலயும் தப்பில்ல, மீனு மேலயும் தப்பில்ல. மீன் தூள நான்தான் சலிச்சேன். இதுலதான் சலிச்சேன்."

நான் ஒரு மணி நேரம் விளக்கியும் புரியாதது ஒரு நொடியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்காரர்கள். அந்தச் சல்லடை என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "அட, மருந்துச் சல்லடையில மீனையா சலிச்சீக!" என்று ஒருவர் ஆரம்பித்தார். "பத்த வச்சிருந்தா கெண்டை பறந்திருக்குமே மச்சான்!" என்றார் இன்னொருவர். பஸ் ஸ்டாப்பே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் போர்மேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போர்மேன் டீ கிளாஸை வைத்துவிட்டு மெதுவாக நடந்து வந்தார். சல்லடையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு பேச்சியக்காவிடம் திரும்பி, "ரெண்டு கிலோ போடு தாயி" என்றார். போகும்போது அப்பாவின் காதருகே, "அண்ணே, நாளைக்கு அதக் கொண்டாந்து எரிச்சிருங்க. நா எதையும் பாக்கல" என்று சொன்னது எனக்கும் கேட்டது. ஒன்பது மணிக்கெல்லாம் பேச்சியக்கா பெட்டி காலி.

லீவு முடிந்து மேடம் வந்தார். என் நோட்டை வாங்கிப் படித்தார். "செதிலின் இயல்பாக இருக்கலாம்" என்கிற இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய் என்றார். இந்தத் தடவை மீனோடு சேர்த்து, மீன் படாத வெறும் தண்ணீர் ஒரு பாட்டில், அந்தப் பழைய சல்லடையைக் கழுவிய தண்ணீர் ஒரு பாட்டில், சலித்தவர் கை கழுவிய தண்ணீர் ஒரு பாட்டில் என்று தனித்தனியாக அனுப்பச் சொன்னார். தப்பு எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க அதுதான் முறையாம். (சல்லடை எரிக்கப் போவதற்கு முன்பே, திங்கட்கிழமை விடியற்காலையில் நான் அதைக் கழுவிய தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் முன்யோசனையோடு செய்த ஒரே காரியம்.)

மீன் கொடுக்க பேச்சியக்கா ஒரு நிபந்தனை போட்டார். மீன் சும்மா தருவார், ஆனால் நான் வியாபாரம் நடக்கிற நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து அளக்க வேண்டும். மூன்று ஞாயிறு அளந்தேன். "காலேஜ்ல இருந்து வந்து அளந்து பாத்து வாங்கிட்டுப் போறாக, நீங்க யோசிக்கிறீகளே" என்று அவர் வியாபாரத்தைப் பெருக்கிக்கொண்டார்.

கை கழுவிய தண்ணீரைப் பிடித்தது ஒரு சாயங்காலம். அப்பா வேலை முடிந்து வந்து, சோப்பைப் போட்டுத் தேய்த்து இரண்டு தடவை குளித்து, சாப்பிட உட்காரப் போனார். அதற்குள் நான் ஒரு கிண்ணத்தை வைத்து, சுத்தத் தண்ணீரை ஊற்றி அவர் கையைக் கழுவி, பாட்டிலில் அடைத்து மூடினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

ரிசல்ட் வந்தது. இந்தத் தடவை புதுச் சல்லடையில் நானே சலித்த முப்பது கெண்டையிலும் சுண்ணாம்பு, இரும்பு எல்லாம் அளவாக இருந்தது. அலுமினியம் மிஷினுக்கு அகப்படவே இல்லை. சல்லடைத் தண்ணீரில் ஏகத்துக்கு இருந்தது. அதற்கு அடுத்த இடம் அப்பா கைக்கு. குளித்து முடித்த கைக்கு. சோற்றில் வைக்கப் போகிற கைக்கு.

மேடம், இந்த ஒரு வரி ஆய்வுக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம் என்றார். எனக்குத்தான் விட முடியவில்லை. மீனுக்கு ஆபத்து என்று ஊரைக் கூட்டினவள், வீட்டில் தினமும் மின்னிக்கொண்டு வருகிற ஒருவரைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லையே என்று அழுதேன். சிரித்துக்கொண்டே எழுத வேண்டிய கட்டுரைதான் இது, ஆனால் அன்றைக்கு நான் அழுதேன். பிறகு மருந்து அறையை விடச் சொல்லி வீட்டில் இரண்டு மாதம் சண்டை. "இருபது வருசமா ஒண்ணும் ஆகலையே பாப்பா" என்பார் அப்பா. நான் காகிதத்தை நீட்டுவேன். அம்மா அவருக்குச் சோற்றில் கரண்டியைப் போட்டு வைப்பாள். ஊரில் பங்குனிப் பொங்கல் திருவிழா முடிந்ததும் அப்பா தானே போய் போர்மேனிடம் கேட்டு, பேக்கிங் பக்கம் மாறிக்கொண்டார்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முதல் வகுப்பில் என் மாணவிகளிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். வீட்டிலும் இது ஓய்ந்தபாடில்லை. விசேஷத்துக்கு வருகிற சொந்தக்காரர் யாராவது ஒருவர், "மருந்து ரூம்ல ராசா மாதிரி இருந்த ஆளு, இப்ப பொம்பளைகளோட உக்காந்து டப்பா ஒட்டுறீகளே, ஏன் மாமா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். அப்பா அதற்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து என் பக்கம் கையைக் காட்டுவார்.

"எம்மக எனக்கும் மீனுக்கும் ஒரே பரீச்ச வச்சா மாப்ள. மீனு பாஸாயிருச்சு. நாந்தான் பெயிலு."